ராகுவுக்குக் கோடை நேரம் தெரியாது

குகநேசன் ராகுகாலத்தில் திருமணம் செய்துகொண்டவன். தெரியாமல் நடந்த பிசகு இல்லை, கேட்டு வாங்கியது. சுவிட்சர்லாந்தில் ஆல்ட்புருக் என்ற சிறிய நகரத்தின் நடுவே அறுநூறு ஆண்டு பழைய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில்தான் திருமணப் பதிவு அலுவலகம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு இடம் இருக்கிறது என்று அங்கிருந்த பெண் சொன்னபோது, பதினொரு மணிதான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தான். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மண்டபத்தில் வந்து உட்கார்ந்த நாற்பது யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதுதான் தன் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான காரியம் என்று குகநேசன் நம்பிவந்தான். அதற்குப் பிறகு அவன் துணிச்சலாக எதையும் செய்யவில்லை. ஆகையால் அந்த நம்பிக்கைக்குப் போட்டி இருக்கவில்லை.

மணப்பெண் தர்மினி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. கார் நெடுஞ்சாலையில் புகைந்து நின்றாலும், நிலவறைக்குள் தண்ணீர் புகுந்தாலும், முப்பத்தைந்து வயதில் அவனுக்குத் தலை வழுக்கையானபோதும், பதவி உயர்வு நேர்முகத்துக்கு இரண்டு கால்களிலும் வெவ்வேறு சப்பாத்தோடு போய் அவன் திரும்பி வந்தபோதும், அவள் சொன்னது ஒன்றுதான்.

"ராகுகாலத்தில கட்டினா இப்பிடித்தான்."

கோபமாகச் சொல்லமாட்டாள். இன்றைக்கு மழை வரும் என்பது போலச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

குகநேசன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆல்ட்புருக் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'ராகுவுக்குக் கோடை நேரம் தெரியுமா?' என்று கட்டுரை எழுதினான். ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அப்போது ராகுகாலத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டுமா என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் அடிபிடி நடக்கும். சூரியனைத்தான் பார்க்க வேண்டும் என்பது கோயில் ஐயரின் கட்சி. கலண்டரில் போட்டிருப்பதுதான் நேரம் என்பது பலசரக்குக் கடைக்காரரின் கட்சி. கலண்டர் கொழும்பில் அச்சாகி வருவது, வாடிக்கையாளருக்கு இலவசம். ஆகவே எப்போதும் கடைக்காரர்தான் வெல்வார். குகநேசன் இரண்டு கட்சியையும் பக்கம் பக்கமாகக் கிண்டல் செய்திருந்தான். அதை மூன்று பேர் வாசித்தார்கள். ஒருவர் அச்சுப் பிழை பார்த்தவர்.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான், தன் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால், நகரசபை தொடக்கமானியைச் செய்யும் வேலையைக் கொடுத்தது.

தொடக்கமானி என்பது அவனே வைத்த தமிழ்ப் பெயர். ஜெர்மன் பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளம். மனிதர்கள் ஒவ்வொரு நாளும் எதையாவது தொடங்குகிறார்கள். வேலை, வீடு, மருந்து, வழக்கு, காய்ச்சல். எந்த நேரத்தில் தொடங்கியது எப்படி முடிந்தது என்பதைத் திரட்டி ஒரு இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தால், இப்போது தொடங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று அது நகரத்துக்கே சொல்லுமா? அதுதான் கேள்வி. விடையைக் காட்டுவதற்குக் கோபுரத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. பெரிய கடிகார முகத்துக்குக் கீழே, நிலாவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டுவதற்கென்று பாதி பொன்னும் பாதி கறுப்புமாக ஓர் உருண்டை. அது இருநூறு ஆண்டுகளாகத் துருப்பிடித்து நின்றிருந்தது. அதற்கு மோட்டார் பொருத்தினார்கள். பொன் தெரிந்தால் தொடங்கலாம். கறுப்புத் தெரிந்தால் பொறுக்க வேண்டும்.

"இது மனிதர்களைக் கெடுத்துவிடும்," என்று முதல் நாளே சொன்னவர் கோபுரத்தின் பொறுப்பாளர் ரெகுலா சூட்டர். வயது ஐம்பத்தெட்டு. பேசுவது ஜெர்மன்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தித் துடைத்து வைப்பதுபோலப் பேசுவார். குகநேசனின் தலைக்குள் அது எப்போதும் புத்தகத் தமிழாகவே விழும். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் நான்கு மணி நேரம் படுத்துக்கிடந்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருவார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அப்போதே ஒன்றரை ஆண்டாக அவர் பெயர் இருந்தது. மற்ற நாள்களில் நூற்றிருபத்தொரு படிகளை மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறி, மேலே போய்த் தன் கடிகாரத்துக்கு எண்ணெய் போடுவார். குகநேசனுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவனுடைய வழுக்கைக்கு ராகுவைக் காரணம் சொல்லாத ஒரே பெண் அவர்.

இயந்திரம் படிப்பதற்கு முந்நூறு தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். கையில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு, எது தொடங்கினாலும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அது எப்படி முடிந்தது என்று ஒரு மாதம் கழித்துப் பட்டி கேட்கும். இரண்டு ஆண்டுகள் இப்படி. சுவிஸ்காரர்கள் தங்கள் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஒதுங்கிவிட்டார்கள். பதின்மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். குகநேசன் நேரே தமிழ்ச் சங்கத்துக்குப் போனான். சங்கத்தில் அந்தரங்கம் என்ற பிரச்சினை அவ்வளவாகக் கிடையாது. ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூற்று எண்பத்தேழு பேர் பட்டி கட்டிக்கொண்டார்கள். தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி அவன் அன்று முழுவதும் பூரித்துப்போயிருந்தான்.

இரண்டு ஆண்டு கழித்து உருண்டை சுழலத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்றரை மணி நேரம் கறுப்பு. நாளுக்கு நாள் நேரம் மாறும், ஆனால் வாரத்துக்கு வாரம் மாறாது. முதல் மாதம் நகரம் சிரித்தது. இரண்டாம் மாதம், கறுப்பில் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய ஒருவருக்கு அது பழுதாகிப்போனது பத்திரிகையில் வந்தது. நான்காம் மாதம் பதிவு அலுவலகம் கறுப்பில் திருமணம் செய்துவைப்பதை நிறுத்தியது. பல் வைத்தியர்கள் அந்த நேரத்தில் சாப்பிடப் போனார்கள். வேலையில்லாத ஒருவர் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்ட நேரம் கறுப்பு என்பதால் போகாமல் இருந்து, அந்த வேலையை இழந்தார். பார்த்தீர்களா, கறுப்பின் வேலையை, என்றார்கள். இது மனிதர்களைக் கெடுத்துவிடும் என்று சொன்ன ரெகுலாகூட, சன்னலால் தலையை நீட்டி உருண்டையைப் பார்த்துவிட்டே மாத்திரை விழுங்கத் தொடங்கினார். நான்கு ஆண்டு காத்திருக்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

ஜூன் மாதத் தொடக்கத்தில் குகநேசன் உருண்டையின் கறுப்பு நேரங்களை அட்டவணையாக எழுதி, சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனான். தர்மினி சொதியை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"ஏனப்பா ராகுகாலத்தை ஜெர்மனில எழுதி வச்சிருக்கிறியள்?"

"அது ராகுகாலம் இல்லை. மெஷின் ரெண்டு வருசம் படிச்சுக் கண்டுபிடிச்சது."

தர்மினி தாளைக் கவிழ்த்து வைத்தாள். "திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒண்டரை, செவ்வாய் மூண்டு, ஞாயிறு நாலரை. சரியோ?"

குகநேசன் ஈரக் கையோடு நின்றான்.

"நீ போன வருசம் புது வேலைக்கு எழுதிப் போட்டது எத்தினை மணிக்கு?"

"ராகுகாலம் முடிஞ்ச பிறகு. ஏன்?"

"எங்கட சனம் ஒருத்தரும் அந்த நேரத்தில ஒண்டும் தொடங்கேல்லையோ?"

"ஆர் தொடங்குவினம்? உங்களை மாதிரி எல்லாருக்கும் விசரே? நடேசு அண்ணை படியில விழுந்து கால் முறிஞ்சது ராகுகாலத்தில. சுகந்தி வீட்டு அடுப்புப் பத்தினது ராகுகாலத்தில. அதுகள் நாங்கள் தொடங்கினதே? தானா வந்தது."

அவ்வளவுதான் விஷயம். இருநூற்று எண்பத்தேழு தமிழர்களும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாமாக ஒன்றையும் தொடங்கவில்லை. தானாக வருகிற கால் முறிவும் நெருப்பும் மட்டும் நேரகாலம் பார்க்காமல் வந்தன. அவர்களும் ஒழுங்காகப் பட்டியைத் தட்டியிருக்கிறார்கள். மற்றப் பதின்மூன்று பேரின் தட்டுகள் அதற்குள் அமுங்கிப்போயின. அந்த நேரத்தில் தொடங்கியது எதுவுமே உருப்படவில்லை என்று இயந்திரம் படித்துக்கொண்டது. இப்போது நகரமே அப்படி நடக்கிறபடியால், புதிதாக வருகிற தரவும் அதையே சொன்னது. உருண்டைக்கு நாளுக்கு நாள் தன்னம்பிக்கை கூடியது. வாழ்நாள் முழுவதும் ராகுகாலத்தைக் கிண்டல் செய்த ஒருவன், நகரத்து நிதியில், ஐரோப்பியக் கோபுரமொன்றில் அதைக் கொண்டுபோய் ஏற்றிவைத்திருந்தான்.

மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். குகநேசன் முதலில் ஓர் அறிக்கை எழுதுவது நல்லது என்று நினைத்தான். உருண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதத் தொடங்கினான் என்று யாராவது சொன்னால் அவன் மறுப்பான். மூன்று வாரத்தில் ஒன்றரைப் பக்கம் ஆனது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் கோபுரத்தின் மேல்தளத்துக்கு ஏறியபோது, ரெகுலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் தொலைபேசி.

"மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள்," என்றார். "ஒரு மணி நாற்பதுக்கு. சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது. எனக்குப் பொருந்துகிறது."

"பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"இரண்டு நாற்பதுக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்." சன்னலைப் பார்த்தார். "மூன்று மணி வரை கறுப்பு."

"அதனால்?"

"நான்கு ஆண்டு காத்திருந்து கிடைத்ததைக் கறுப்பில் தொடங்கச் சொல்கிறீர்களா? மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அழைப்பேன். அதுவரை அவர்கள் பொறுக்கலாம்."

"பொறுக்கமாட்டார்கள்."

"அப்படியென்றால் அது எனக்குரியது இல்லை," என்றார் ரெகுலா.

குகநேசன் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வாரமாக ஒன்றரைப் பக்கத்தில் அடங்காதது மூன்று நிமிடத்தில் வெளியே வந்தது. ராகுகாலம் என்றால் என்ன, ரோல்ஸ் சாப்பிட்ட இருநூற்று எண்பத்தேழு பேர், நடேசு அண்ணையின் கால், சுகந்தியின் அடுப்பு. உருண்டை சொல்வது நேரத்தைப் பற்றியது இல்லை, தன் சனத்தைப் பற்றியது என்று முடித்தான்.

ரெகுலா கவனமாகக் கேட்டார். "உங்கள் மக்கள் எவ்வளவு காலமாக இப்படிச் செய்கிறார்கள்?"

"தெரியாது. தலைமுறை தலைமுறையாக."

"அப்படியானால் இது இரண்டு ஆண்டுத் தரவு இல்லை. பல நூறு ஆண்டுத் தரவு."

"தரவு இல்லை, ஃப்ரௌ சூட்டர். பழக்கம்."

"பழக்கம் எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டு, அவனை நேராகப் பார்த்தார். "நீங்கள் அந்த நேரத்தில்தான் திருமணம் செய்தீர்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். எப்படிப் போகிறது?"

"நன்றாகப் போகிறது," என்றான் குகநேசன். ஆனால் அதற்கு முன் காரும் நிலவறையும் இரண்டு நிறச் சப்பாத்தும் வரிசையாக நினைவில் வந்துபோக ஒரு விநாடி பிடித்தது. ரெகுலா அந்த ஒரு விநாடியைப் பார்த்துவிட்டார்.

இரண்டு பதினான்கு. இந்த மனுசி சாகக்கூடாது என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. தன் அறிக்கை, தன் கட்டுரை, தன் மானம் எல்லாம் போனால் போகட்டும். கோபுரத்தின் தெற்குச் சுவரை அவன் அப்போதுதான் நினைத்தான். கடிகாரம் வருவதற்கு முன்பே வரையப்பட்ட ஒரு சூரியக் கடிகாரம் அங்கே இருந்தது. சுவரில் ஓர் இரும்புக் கம்பி, அதன் நிழல் விழுகிற இடத்தில் ரோம எண்கள். நூறு ஆண்டுகளாகப் புறாக்களைத் தவிர யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

"ஃப்ரௌ சூட்டர்," என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை, கோயில் ஐயருடையதாக இருந்தது. "ராகு பார்ப்பது சூரியனை. உங்கள் அரசாங்கத்தின் கடிகாரத்தை இல்லை. கோடை நேரம் என்று ஒரு மணியை நீங்கள் முன்னே தள்ளினீர்கள். நம் நகரம் இருக்கிற இடத்தினால் இன்னொரு அரை மணி. இந்தக் கடிகாரம் சூரியனைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. என் சனம் அதைக் கணக்கில் எடுக்காமல், கொழும்புக் கலண்டரைப் பார்த்து இந்தக் கடிகாரப்படி நடந்துவிட்டது. சூரியனுக்கு இன்னும் ஒரு மணிகூட ஆகவில்லை. இப்போது ராகுகாலமே இல்லை."

ரெகுலா சன்னலால் எட்டி உருண்டையைப் பார்த்தார். "உண்மையான கறுப்பு எப்போது தொடங்கும்?"

"சூரியனுக்கு ஒன்றரை ஆகும்போது. இந்தக் கடிகாரத்தில் மூன்று."

"அதாவது உருண்டை பொன்னாகும் நேரத்தில்." அவர் முகம் வெளுத்தது. "மூன்று மணி ஒரு நிமிடம் வரை காத்திருந்தால், நேராக அதற்குள் போய் விழுந்திருப்பேன்."

"ஓம்," என்றான் குகநேசன் தமிழில்.

"காட்டுங்கள்."

சுவிஸ்காரர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். நூற்றிருபத்தொரு படி. அவர் ஒரு கையால் கைபிடியையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். தொலைபேசியைப் போட்ட கைப்பை அவன் கழுத்தில் தொங்கியது. தெற்குச் சுவருக்கு வந்தபோது இரண்டு இருபத்தாறு. சுவரில் நிழலே இல்லை. சூரியனுக்கு முன்னால் ஒரு மேகம் ஆற அமர நின்றுகொண்டிருந்தது.

"நிழல் இல்லை," என்றார் ரெகுலா.

"வரும்."

இரண்டு இருபத்தெட்டு. நகரத்தின் மிகப் பெரிய பகுத்தறிவாளன் என்று தன்னை எண்ணியிருந்தவன், பெண்கள் கைப்பை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சந்தைச் சதுக்கத்தின் நடுவில் அண்ணாந்து நின்று சூரியனை வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டிப் பழக்கம் இல்லாததால் சொற்கள் வரவில்லை. தயவுசெய்து என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு தடவை ஜெர்மனிலும் சொல்லிப் பார்த்தான்.

இரண்டு முப்பத்தொன்றுக்கு மேகம் விலகியது. கம்பியின் நிழல் மெலிதாகக் கறுத்து, சரியாக ஒன்று என்ற கோட்டின் மேல் விழுந்தது. மேலே பெரிய கடிகாரம் இரண்டரை தாண்டி நின்றது. ரெகுலா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது ஆண்டு பராமரித்த கடிகாரத்தைப் பார்த்து, "பொய்யன்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவன் கழுத்தில் தொங்கிய பையைத் திறந்து தொலைபேசியை எடுத்து, சம்மதம் என்றார்.

அவரை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு குகநேசன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். சந்தோஷத்தில்தான். ஆனால் தான் வாழ்நாளில் ஜெயித்த ஒரே வாக்குவாதம் பஞ்சாங்க வாக்குவாதம் என்பதும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

சிகிச்சை நன்றாக முடிந்தது. செப்டம்பரில் ரெகுலா நூற்றிருபத்தொரு படிகளையும் ஓரிடத்திலும் உட்காராமல் ஏறினார். அடுத்த வாரமே நகரசபைக் கூட்டத்தில் அவர் பேசினார். குகநேசனும் பேசினான். பத்தொன்பது படங்களைத் திரையில் காட்டி, உண்மை முழுவதையும் சொன்னான். கலண்டர் பிழையால் தன் சனம் ஒவ்வொரு கோடையிலும் உண்மையான ராகுகாலத்தில் ஆயிரக்கணக்கான காரியங்களைத் தொடங்கியிருக்கிறது, அவையெல்லாம் நன்றாகவே முடிந்திருக்கின்றன, ஆகவே நல்ல நேரம் கெட்ட நேரம் என்று ஒன்றும் கிடையாது, உருண்டையைக் கழற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டான். நிறையப் பேர் குறிப்பெடுத்தார்கள். நேரம் பிழையாக இருந்தபோதே இவ்வளவு பலன் என்றால், திருத்தினால் எவ்வளவு இருக்கும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. உருண்டை இனிமேல் தெற்குச் சுவர் நிழலின்படி சுழலும். குகநேசனுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஐயர் கட்சிக்கு வெற்றி. கடைக்காரர் குழுவிலிருந்து விலகிவிட்டார். தர்மினி சாப்பாட்டு மேசையில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச வாங்கோ," என்றாள். "எங்கட கலியாணம் எத்தினை மணிக்கு?"

"பதினொண்டு. வெள்ளிக்கிழமை." அவன் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "ஏன் தெரியாத மாதிரிக் கேக்கிறாய்?"

"பத்திரத்தில பதினொண்டு நாலு எண்டு கிடக்கு. ஜூலை மாசம்." அவள் விரல் விட்டு எண்ணினாள். "கோடை நேரத்துக்கு ஒரு மணி. இடத்துக்கு அரை மணி. அப்ப சூரியனுக்கு எத்தினை மணி?"

குகநேசனின் வாய் தானாகவே கணக்குப் போட்டது. "ஒன்பதரை."

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் எப்ப தொடங்கும்?"

"பத்தரைக்கு."

சமையலறையில் குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது. நாற்பது சொந்தக்காரர்களின் முகங்கள் குகநேசனின் கண்முன் ஒவ்வொன்றாக வந்தன. வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியத்தை அவன் நல்ல நேரம் பார்த்துச் செய்திருந்தான்.

தர்மினி பத்திரத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள். அவனுடைய வழுக்கையிலிருந்து சப்பாத்து வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருசமா அந்த ராகுவை ஏசிப்போட்டன், பாவம்," என்றாள். "எல்லாம் நீங்கள்தான்."